ஏழாவது பாட்டு

தாம்பரம் போகிற மின்சார ரயில் கோடம்பாக்கத்துக்குள் வந்து நின்றது, பியூலா அம்மாவின் அழைப்பைத் துண்டித்தது, பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது எல்லாம் நடந்து முடிந்திருந்தன. அதையெல்லாம் தான்தான் செய்தோம் என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையில் போன் சூடாக இருந்தது. திரையில் 'அம்மா, 4 நிமிடம் 12 வினாடி' என்று கிடந்தது. நாலு நிமிடம் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையைப் பற்றிச் சொல்லவே போதாது. "உங்கப்பா இங்கதான் இருக்காவ. போன குடுக்கவா?" அதுதான் கடைசியாகக் காதில் விழுந்தது, அதற்குள் வண்டி இரைந்துகொண்டு வந்துவிட்டது, அந்த இரைச்சலைச் சாக்காக வைத்துத்தான் விரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அப்பா. இங்க. இருக்காவ. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் எல்லார் வீட்டிலும் புழங்குகிற வார்த்தைகள். நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்து வீட்டில் மட்டும் இருபத்தெட்டு வருஷமாக 'அப்பா'வுக்குப் பக்கத்தில் எந்த வினைச்சொல்லும் வந்ததில்லை. இருந்தாவ என்றுகூட வந்ததில்லை. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ரோஸ்லெட் டீச்சர், அதாவது அம்மா, தன் குண்டு எழுத்தில் ஞானசிகாமணி என்று எழுதுவாள், அதோடு சரி. எட்டு வயதில் பியூலா ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், அப்பா எங்க என்று. போயாச்சு, என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் அவளுடைய ஆல்பத்தின் ஏழாவது பாட்டு வந்தது. நாற்பது லட்சம் பேர் கேட்ட பாட்டு. போயாச்சு என்றால் போனார் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? போக வைத்தோம் என்று யார் நினைப்பார்கள்?

அம்மா எப்படி ஆரம்பித்தாள் என்று திரும்ப ஓட்டிப் பார்த்தாள். "பியூலா, எங்க நிக்க?" ஸ்டேஷன்லம்மா, தாம்பரத்துக்கு ரிகர்சலுக்குப் போறேன், ரயிலு வரப்போவுது என்றாள் இவள். "உக்காந்து கேளு." என்னம்மா, ஒடம்புக்கு என்ன என்று இவள் பதறினாள், மாரடைப்பு, சர்க்கரை, வழுக்கி விழுந்தது என்று மனசு தயாராக வைத்திருக்கிற பயங்களை எல்லாம் ஒரு நொடியில் தொட்டுத் திரும்பியது, இது அந்த வரிசையிலேயே இல்லாதது. "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. உன் ஏழாவது பாட்ட நேத்துதான் கேட்டேன். அதுல உள்ளது அப்பிடி நடக்கல்ல மக்ளே." அம்மா வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னாள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பிள்ளைகள் எழுதிக்கொள்ள இடம் விடுகிற மாதிரி. "உங்கப்பா போகல்ல. நான்தான் வெளிய விட்டுப் பூட்டினேன். நீ அப்ப பள்ளிக்கூடத்துல இருந்த." ரயிலுக்காக நின்ற கூட்டம் முன்னால் நகர்ந்தது. "உன்ன கடல் பாக்கக் கூட்டிட்டுப் போனாவல்லா, கன்னியாகுமரிக்கு. அண்ணைக்குக் குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தாவ. உன்னக் காணல்ல. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரோ ஒரு மனுஷன் உன்னக் கொண்டாந்து விட்டான். அவன் நல்லவனா இருக்கப் போயி நீ இருக்க. மறுநாளு பூட்டினேன். நாலு தடவ வந்தாவ. நாலு தடவையும் தொறக்கல்ல." அப்புறம்தான் அது. "நேத்து காலையில வந்தாவ. தொறந்துட்டேன்." ஏன் திறந்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஏன் பூட்டினாய் என்று கேட்டிருக்க வேண்டும். ஏன் இருபத்தெட்டு வருஷம் சொல்லவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். இவள் ஒன்றும் கேட்கவில்லை. "ரயிலு வந்துட்டும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாம்பலத்தில் துணிக்கடைப் பைகளோடு கூட்டம் ஏறியது. யாரோ ஒரு பை அவள் முழங்காலில் இடித்தது, யாரோ சாரிம்மா என்றார்கள், அவள் தலையை ஆட்டினாள். வலித்ததா என்று யோசித்தாள், தெரியவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசிக்குப் பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. ஏழாவது பாட்டில் என்ன எழுதியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். நீலச் சட்டை போட்ட ஒரு முதுகு தெருமுனை வரைக்கும் நடந்து போகிறது, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, சின்னப் பிள்ளை வாசலில் நின்று பார்க்கிறாள். 'போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா, இத்தனை வருஷம் நான் வாசலைப் பாத்திருக்க மாட்டேன்.' விருகம்பாக்கத்து வாடகை வீட்டில், கீழே கிரில் பட்டறை, காலையிலிருந்து இரும்பு அறுக்கிற சத்தம், அவர்கள் சாப்பிடப் போகிற ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும்தான் சத்தம் ஓயும், தினமும் அந்த ஒரு மணி நேரத்தில் மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய ஒன்பது பாட்டையும் பதிவு செய்தாள். அதனால்தான் ஆல்பத்துக்கு 'மத்தியானம்' என்று பெயர் வைத்தாள். பன்னிரண்டு வருஷம் சினிமா ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடியவள். கதாநாயகி ஓடும்போது பின்னால் ஆ என்றும் மழை பெய்யும்போது ஊ என்றும் பாடுகிற ஆறு பெண்களில் ஒருத்தி. சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப்போட்டு, தனியாக வெளியிட்டபோது கேட்பதற்கு ஒரு இருநூறு பேர் இருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். மூன்று வாரம் இருநூறுகூட வரவில்லை. அப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் சரியாகப் புரியவில்லை. யாரோ ஒரு நர்ஸ், இரவுப்பணி முடிந்து பஸ்ஸில் போகும்போது ஏழாவது பாட்டைக் கேட்டு அழுவதை வீடியோவாகப் போட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. அதைப் பார்த்து ஆயிரம் பேர். ஒரு மாதத்தில் அது கல்லூரி விழாக்களிலும் டீக்கடைகளிலும் ஓடியது. சனிக்கிழமை அவளுடைய முதல் தனிக் கச்சேரி, எண்ணூறு இருக்கை, ஒன்றுகூட மிச்சமில்லை. எண்ணூறு பேரும் ஏழாவது பாட்டுக்குத்தான் வருகிறார்கள். வந்து, நடக்காத ஒன்றுக்காக அழப் போகிறார்கள்.

ஆனால் முதுகை நான் பார்த்தேன், என்று அவள் பிடிவாதமாக நினைத்தாள். சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே ஆறு கறுப்பாகக் கிடந்தது, அதைப் பார்த்தபடியே, பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டாள். நீலச் சட்டை, காலரில் அழுக்கு, இடது கையில் மடக்கிய குடை. குடையைக்கூட பாட்டில் வைத்து, அசை நீளுகிறது என்று எடுத்தாள். இவ்வளவு துல்லியமாக ஒன்றை எப்படிக் கற்பனை செய்ய முடியும்? அம்மா சொல்வது தப்பு. பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றால் எப்படிப் பார்த்தேன்? குடை. அப்பாவுக்கு ஏது குடை? அப்பா பஸ்களுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டர், மழையில் நனைந்துகொண்டு வருவார், பெயிண்ட் கறை படிந்த காக்கிச் சட்டைதான் எப்போதும், நீலத்தில் அவருக்குச் சட்டையே இருந்ததில்லை. மூன்றாவது பாட்டு, 'கடல் பார்த்த நாள்', அதிலும் ஒரு நீலம் வருகிறது. அந்த நாளைப் போல ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்குப் பிறகு வாய்த்ததில்லை. அப்படித்தான் பேட்டிகளில் சொல்லியிருக்கிறாள். அப்பா சிப்பி மாலை வாங்கிக் கொடுத்தார், மிளகாய்ப்பொடி தூவின அன்னாசிப்பழம் வாங்கிக் கொடுத்தார், அலை காலுக்குக் கீழே மணலை உருவும்போது கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பஸ், ஜன்னலோரம், ஒரு மடி, அந்த மடியில் உட்கார்ந்து அவள் தூங்கிப் போனாள், சட்டையின் நீலம் கன்னத்தில் உரசியது. நீலம். மடியின் சட்டை நீலம். பஸ்ஸில் மழைச்சாரல் அடித்தபோது யாரோ குடையைப் பாதி விரித்து ஜன்னலுக்கு அணையாக வைத்தார்களே. கிண்டியில் வண்டி நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், பியூலா வாயைத் திறந்து மூச்சு விட்டாள். அப்பா கடற்கரையோடு முடிந்துவிட்டார். பஸ்ஸில் இருந்தது அப்பா இல்லை. வீட்டு வாசலில் அவளை இறக்கி அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு வாய் சாயாகூடக் குடிக்காமல் தெருமுனை வரை நடந்து திரும்பிப் பார்க்காமல் போனது அந்த ஆள். பெயர் தெரியாத ஒரு மனுஷனுடைய முதுகை இருபத்தெட்டு வருஷம் அப்பாவின் முதுகு என்று வைத்திருந்தாள். அதைப் பாட்டாக்கி உலகத்துக்குக் கொடுத்தும்விட்டாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், வந்தால் அது சிரிப்பாக இருக்காது என்று பயமாக இருந்தது.

நாலு தடவை வந்தார் என்றாள் அம்மா. நாலு தடவை வந்து கதவைத் தட்டினால் வீட்டுக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கேட்காதா? இரண்டே அறை உள்ள வீடு. பரங்கிமலை, பழவந்தாங்கல் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன, அவள் அந்த இரண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த வருஷம் கிறிஸ்மஸ் பாட்டுப் போட்டிக்கு அம்மா பழக்கினாள். பள்ளி விட்டு வந்ததும் சாயந்தரம் நடு அறையில் நிற்க வைப்பாள். மற்ற நாளில் மெல்லப் பாடினாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். சில நாள் மட்டும், பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில், திடீரென்று, "இன்னும் சத்தமா" என்பாள். "கோவிலுக்கு வெளிய நிக்கவனுக்கும் கேக்கணும், சத்தமா பாடு." இவள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவாள். அம்மா முன்கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள், இரண்டு கையும் பின்னால் இருக்கும். அம்மா, ஆரோ கதவத் தட்டுகாவ. ஆமாம், கேட்டாள், இவள் கேட்டாள், அது இப்போது வார்த்தை வார்த்தையாக வருகிறது. "காத்து. நீ பாடு." கிறிஸ்மஸ் மாதத்துக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வந்து கதவையெல்லாம் ஆட்டும், அது எல்லாருக்கும் தெரியும், அதனால் இவளும் நம்பினாள், பாடினாள். பரிசு கிடைத்தது. ஸ்டுடியோவில் பன்னிரண்டு வருஷம் ரெக்கார்டிங் ஆட்கள் கத்துவார்கள், பியூலா ரெண்டடி பின்னால போ, உன் குரல் மத்த அஞ்சு பேரையும் முழுங்குது என்று. ஆல்பம் வந்த பிறகு அதே குரலைத்தான் எல்லாரும் எழுதினார்கள், சுவரைத் தாண்டுகிற குரல் என்று ஒரு பத்திரிகையில் தலைப்பே போட்டார்கள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது சபைப் பாடகர் குழுவில் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்பா வெளியே நின்று தட்டியபோது அது உள்ளே கேட்காமல் இருப்பதற்காகப் பழக்கின குரல். அவருக்கோ உள்ளேயிருந்து கேட்டிருக்கும். நல்லாவே கேட்டிருக்கும். மகள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பார். பியூலாவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. சனிக்கிழமை இதைத் திறந்து எப்படிப் பாடுவது?

மீனம்பாக்கம் தாண்டியபோதுதான் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைக் கவனித்தாள். கவனித்தாள் என்பதைவிட, ரொம்ப நேரமாக அவளையே வெறித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஏதோ பெரிய கடையின் சீருடைச் சேலை, நெஞ்சில் பெயர்ப்பட்டை, பத்மாவதி. காதில் ஒயர் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள். உதடுகள் என்ன சொல்கின்றன என்று பியூலாவுக்குத் தெரிந்தது. போறேன்னு ஒரு வார்த்தை. எந்த இடத்தில் மூச்சு எடுக்கும் என்றுகூடத் தெரிந்தது. அதே இடத்தில் அந்தப் பெண்ணும் எடுத்தாள். கண்ணைத் திறந்தவள் பியூலா பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாம்மா, கேக்கறியா?" வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு காதிலிருந்து கழற்றி நீட்டிவிட்டாள். ஒயர் நீளம் போதாமல் இரண்டு பேரும் முன்னால் குனிந்தார்கள். பியூலா தன் குரலை வேறு யாருடைய குரலையோ கேட்பது போலக் கேட்டாள். சத்தமாக இருந்தது. இவ்வளவு சத்தம் எதற்கு என்று இருந்தது. யாரோ ஒரு பெண் எதையோ மூடுவதற்காகக் கத்துகிறாள். "சினிமாப் பாட்டு இல்ல," என்றாள் பத்மாவதி, "தனியா ஒரு பொண்ணு பாடிக்கீது. நாரோயில் பொண்ணாம். என் வூட்டுக்காரரும் இப்டிதான் போனாரு. பதினோரு வருசம். அவளுக்கு எப்டி என் கதை தெரியும்னு எனக்கு இன்னி வரிக்கும் புரியல." பியூலா வாயிலிருந்து குரல் கரகரவென்று வந்தது. "இது பொய்யா இருந்தா? அப்பிடி நடக்கவே இல்லேன்னா? அவரு போகாம, வீட்டுல உள்ளவங்க வெளிய தள்ளி இருந்தா?" பத்மாவதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்த்தாள். "அவளுக்கு நடந்துச்சா இல்லியான்னு நான் எதுக்கு ரோசிக்கணும்? எனக்கு நடந்துச்சு. எங்கம்மா மூஞ்சில முழிக்க முடியாம, என் பொண்ணுக்குப் பதில் சொல்ல முடியாம கெடந்தேன். இத்தக் கேட்டுதான் ஒரு நாளு வாய் விட்டு அழுதேன்." சொல்லிவிட்டு ஒயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பல்லாவரம் போய் குரோம்பேட்டையும் வந்தது. இறங்குகிற அவசரத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், என்ன தோன்றியதோ, பியூலாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "தண்ணி குடிம்மா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தண்ணீர் குடித்தாள். போனில் ரெஜின், கிடார் வாசிக்கிறவன், மூன்று செய்தி அனுப்பியிருந்தான்: அக்கா எங்க, ஹாலை ரெண்டு மணிக்கே காலி பண்ணணுமாம், ஏழாவது பாட்டை முதல்ல எடுத்துக்கலாமா கடைசியிலயா. கடைசியில் என்று பதில் எழுதி, அழித்து, முதலில் என்று எழுதி, அதையும் அழித்தாள். அம்மாவின் மேல் கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, பஸ் ஸ்டாண்டு, இருட்டப் போகிறது, விழுந்து கிடக்கிற ஒரு தகப்பன். தானாக இருந்தால் பூட்டியிருக்க மாட்டோமா? பூட்டித்தான் இருப்போம். அந்த நீலச் சட்டைக்காரன் கெட்டவனாக இருந்திருந்தால், என்று ஆரம்பித்த நினைப்பை அது முடிவதற்குள் தள்ளிவிட்டாள். அப்படியானால் அப்பாவின் மேல் வர வேண்டும். அதுவும் வரவில்லை, அதற்கு ஒரு முகம் வேண்டும், முகமாக இருந்ததோ இவ்வளவு நாளும் ஒரு முதுகு, இப்போது அதுவும் இல்லை. பாட்டை வாபஸ் வாங்கலாமா, எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடலாமா, கச்சேரியில் நின்று நடந்ததைச் சொல்லிவிடலாமா, சொன்னால் அம்மாவைச் சபையில் என்ன பேசுவார்கள், ஓய்வுபெற்ற டீச்சர், புருஷனை வெளியே விட்டுப் பூட்டினவள், இருபத்தெட்டு வருஷமும் இரக்கப்பட்டவர்கள் இனி எப்படிப் பார்ப்பார்கள். இப்படி ஒவ்வொரு பக்கமாகப் போய் ஒவ்வொரு பக்கத்திலும் முட்டித் திரும்பினாள். ஏன் நேற்றுத் திறந்தாள்? அதுதான் விளங்கவில்லை. அம்மா எதையும் மாற்றுகிறவள் இல்லை, சமையலறையில் உப்பு ஜாடியின் இடத்தைக்கூட மாற்றாதவள். ஒருவேளை பாட்டைக் கேட்டு, மகள் இத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்து. ஒருவேளை அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. சானடோரியத்தில் நின்ற வண்டி மறுபடி கிளம்பியது. பியூலா நாகர்கோவில் எண்ணை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் அழுத்தியது தெரிந்தது.

ஒரே மணியில் எடுத்தாள் அம்மா, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மாதிரி. "மக்ளே?" "குடும்மா," என்றாள் பியூலா. போன் கை மாறியது. ஒரு மூச்சு கேட்டது, வயசான மூச்சு. "மக்ளே, நான்தான்," என்று ஒரு குரல். அவளுக்கு அந்தக் குரல் ஞாபகமே இல்லை. குரலை வைத்துப் பிழைக்கிறவள், ஒரு தடவை கேட்ட குரலை மறக்காதவள், அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஒன்பது பாட்டு எழுதியிருக்கிறாள். "சாப்ட்டியளா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், கேட்பதற்கு இதுவா கிடைத்தது. "சாப்ட்டேன். உங்கம்ம புட்டும் பயறும் வச்சா." அப்புறம் இருமல். தாம்பரம் வந்து வண்டி நின்றுவிட்டது, பெட்டியே எழுந்து இறங்கியது, அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். "தூத்துக்குடில பட்டறையில வேல பாக்கும்போ உன் பாட்டு ஓடிச்சு. சிப்பி மாலைன்னு வந்ததும் கை நின்னு போச்சு. ஆரு பாடுகான்னு கேட்டேன். பேரச் சொன்னாவ." மறுபடி இருமல். "மக்ளே, அந்த ஏழாவது பாட்டுல ஒண்ணையும் மாத்தாத. உங்கம்ம மாத்தச் சொல்லுகா. அவ சொன்னதும் உள்ளதுதான், பூட்டினா, நாலு தடவ தட்டினேன், தொறக்கல்ல. ஆனா அஞ்சாவது தடவ நான் வரல்லியே. தூத்துக்குடிக்கும் நம்ம ஊருக்கும் மூணு மணி நேரத்து பஸ்ஸு. குடிய விட்டே பத்தொம்பது வருஷம் ஆச்சு. அதுக்கு அப்பறமும் வரல்லியே. பாட்டு சரிதான்." இவர் கெஞ்சுவார், இல்லையென்றால் அம்மாவைக் குற்றம் சொல்வார், இல்லையென்றால் பொய் எழுதினாயே என்று திட்டுவார். இந்த மூன்றுக்கும்தான் அவள் தன்னை அறியாமல் தயாராகியிருந்தாள். பாட்டு சரி என்று சொல்வார் என்று நினைக்கவே இல்லை. "சனிக்கெழம மேடையில பாடப் போறியாமே," என்றார் அவர். "நான் வரட்டா? எடம் ஒண்ணும் வேண்டாம். கடைசில சுவரு ஓரமா நின்னு கேட்டுட்டுப் போயிருவேன்."

"வேண்டாம்," என்று சொல்லிவிட்டாள். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. "வேண்டாம்ப்பா. நீங்க அங்க நின்னா என்னால பாட முடியாது."

"சரி மக்ளே," என்றார் அவர்.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை, குரல் கம்மவில்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. யாரோ கடையில் சாமான் இல்லை என்று சொன்னதும் படியிறங்குகிறவர் மாதிரி, சரி. காதிலிருந்து போன் விலகுகிற சத்தம் கேட்டது. "இந்தா ரோஸ்லெட்" என்று தூரத்தில் கேட்டது. இப்படித்தான் போயிருக்கிறார். யாரும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக, நாலு தடவையும், வாசலில் நின்று, பதில் இல்லை என்றதும் சரி என்று. வேண்டாம் என்று சொன்ன இந்த வாய் அச்சு அசல் அம்மாவின் வாய், சரி என்று சொன்னது அவர், இதற்கு நடுவில் இருபத்தெட்டு வருஷம் போயிருக்கிறது, இப்போதும் ஒரு நிமிடத்தில் போய்விடும், இதோ போய்க்கொண்டிருக்கிறது. "அப்பா!" என்று கத்தினாள். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போவதற்காகப் புதிதாக ஏறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பயந்துபோய்ப் பின்னால் ஒரு அடி வைத்தாள்.

போன் மறுபடி கை மாறியது. "என்ன மக்ளே?"

"வச்சிராதீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இன்னொரு தடவ கேளுங்க."

"எத கேக்க?"

"வரட்டான்னு. வரட்டான்னு இன்னொரு தடவ கேளுங்கப்பா."

வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது, வந்த வழியே. மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.